சரக்குக் கப்பலுக்கு எதற்கு சார் பீரங்கி?

நேற்று ராத்திரி ஹாஸ்டலில் எனக்கும் அறைத்தோழனுக்கும் பெரிய சண்டை. காதல், கிரிக்கெட், கைமாற்று எதுவும் காரணம் இல்லை. காரணம் ஒரு விண்கப்பல்.

பயல் கல்லூரி ஆண்டு மலருக்கு அறிவியல் புனைகதை எழுதுகிறான். கதை நடப்பது இன்னும் இருநூறு வருஷம் கழித்து. வியாழனின் நிலாவான கானிமீடில் ஐஸ் கட்டி வெட்டி, செவ்வாய்க்கு ஏற்றிப் போகிற ஒரு சாதாரண சரக்குக் கப்பல். நம்ம ஊர் தண்ணி லாரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. நாலாவது பக்கத்தில் கப்பலின் வர்ணனை வருகிறது. பன்னிரண்டு லேசர் பீரங்கி, நாலு ஏவுகணைக் குழாய், வாலில் ஒரு அணுகுண்டு!

"மச்சி, தண்ணி லாரிக்கு எதுக்குடா பன்னிரண்டு பீரங்கி?"

"நடுவானத்துல கொள்ளைக்காரன் வந்தா?"

"வரட்டும். அதுக்காக ஒரு பீரங்கிகூட வேணாம்."

"போடா, நீ மலைக்காரன். உனக்குக் கப்பலைப் பத்தி என்ன தெரியும்?"

ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். மலைக்காரன் என்பதால்தான் தெரியும்.

என் ஊர் ஜவ்வாது மலையில். சாமை விதைக்கிற மலை. கதிர் முற்றும் நேரத்தில் ராத்திரி காட்டுப்பன்றி இறங்கும். ஒரே ராத்திரியில் ஆறு மாசக் கஞ்சி போய்விடும். அதனால் காவல் உண்டு. பரண் கட்டுவோம், நெருப்புப் போடுவோம், தகர டப்பா தட்டுவோம், நாய் வைத்திருப்போம். சிலரிடம் நாட்டுத் துப்பாக்கியும் இருந்தது. வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே பயிரைக் காக்க அந்த ரகத்துக்கு உரிமம் தரலாம் என்கிறது. ஆனால் உரிமம் வாங்காமல் வைத்திருந்தவர்கள்தான் அதிகம். "கொண்டுவந்து ஒப்படையுங்கள், வழக்கு இல்லை" என்று போலீஸ் அவ்வப்போது அறிவிக்கும்.

எங்கள் தாத்தா கடைசிவரை துப்பாக்கி வைத்துக்கொள்ளவில்லை. காரணம் கேட்டால் ஒரே பதில்தான். "இருட்டுல அசையறது பன்னியா மனுசனான்னு துப்பாக்கிக்குத் தெரியாதுடா. கையில இருந்தா சுடத்தான் தோணும்."

பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட செய்தி தமிழ்நாட்டுப் பேப்பர்களில் புதிதில்லை. சுட்டவனும் கொலைகாரன் இல்லை, பயிரைக் காக்கப் போனவன். செத்தவனும் திருடன் இல்லை. இரண்டு குடும்பமும் நாசம். பன்றி மட்டும் சௌக்கியம்.

இது கடலில் நடந்தால் என்ன ஆகும்? நடந்திருக்கிறது.

2012 பிப்ரவரி 15. எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் 'என்ரிகா லெக்ஸி' விவகாரம். அது இத்தாலியக் கொடி பறந்த எண்ணெய்க் கப்பல், போர்க்கப்பல் இல்லை. சோமாலியக் கொள்ளையருக்குப் பயந்து இத்தாலியக் கடற்படை வீரர்களைக் காவலுக்கு ஏற்றியிருந்தது. கேரளக் கரையில் இருந்து சுமார் 20 கடல் மைல் தூரத்தில் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகு எதிரே வந்தது. கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டதாக வீரர்கள் தரப்பு சொன்னது. செத்தது இரண்டு மீனவர்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

பிறகு எட்டு வருஷத்துக்கு மேல் என்ன விவாதம் நடந்தது தெரியுமா? சுட்டது சரியா தப்பா என்பதைவிட, விசாரிக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் விவாதம். இந்தியாவுக்கா, இத்தாலிக்கா? அந்த வீரர்கள் தனியார் கப்பலின் காவலாளிகளா, ஒரு அரசின் சிப்பாய்களா? 2020 ஜூலையில் ஹேக் நகரத்துத் தீர்ப்பாயத்தின் முடிவு வெளிவந்தது. அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், எனவே இந்திய நீதிமன்றம் அவர்களை விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி நஷ்டஈடு தரவேண்டும் என்பது அந்த முடிவு. 10 கோடி ரூபாய் கட்டப்பட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது.

தண்ணி லாரியில் பீரங்கி வைக்கிற கதாசிரியர்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே நடந்தது பட்டப்பகலில். படகு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. அப்படியும் மீனவன் கொள்ளைக்காரனாகத் தெரிந்தான். உங்கள் கதை நடக்கும் இடத்தில் தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். எதிரே வருவது வெறும் ஒரு புள்ளி. அது கொள்ளைக்காரனா, ரேடியோ பழுதான இன்னொரு ஐஸ் லாரியா, ஊருக்குத் திரும்புகிற சுரங்கத் தொழிலாளியா? பீரங்கிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் பதினெட்டு மாசமாகத் தூக்கம் கெட்ட, சம்பள பாக்கி உள்ள ஒரு லாரி டிரைவர். அவன் சுடமாட்டான் என்று என்ன நிச்சயம்?

சரி, சுடவே வேண்டாம், சும்மா வைத்திருக்கட்டும் என்பீர்கள். அங்கேதான் இரண்டாவது சிக்கல். துறைமுகம்.

2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு ஒரு கப்பல் பிடித்து வரப்பட்டது. பெயர் 'சீமேன் கார்டு ஓஹியோ'. அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றுடையது, கொடி சியரா லியோன் நாட்டுடையது. உள்ளே பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா என்று நாலு நாட்டு ஆட்கள் 35 பேர். கூடவே 35 துப்பாக்கிகளும் ஆயிரக்கணக்கில் தோட்டாக்களும். வணிகக் கப்பல்களுக்கு ஆயுதக் காவல் தருவது இந்தக் கப்பலின் தொழில்.

காவலுக்குத் தனியாக ஒரு கப்பல் ஏன் என்று கேட்கவேண்டும். துப்பாக்கியோடு ஒரு சரக்குக் கப்பல் எல்லாத் துறைமுகத்திலும் சுலபமாக நுழைய முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு ஆயுதச் சட்டம். அதனால் துறைமுகத்துக்குள் போவதற்கு முன்னால் துப்பாக்கிகளை நடுக்கடலில் ஒரு மிதக்கும் கிடங்கில் இறக்கிவிடுவார்கள், அடுத்த கப்பல் வந்து ஏற்றிக்கொள்ளும். ஆயுதம் வந்தது, அதற்குக் கிடங்கு வந்தது, கிடங்குக்கு டீசல் வேண்டியிருந்தது, டீசலுக்கு ஆள் வேண்டியிருந்தது. கடைசியில் 35 பேரும் ஜெயிலில். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்து வருஷத் தண்டனை கொடுத்தது. 2017 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. குற்றமில்லை என்று தெரிவதற்குள் நாலு வருஷம் போய்விட்டது.

இப்போது என் நண்பனின் கப்பல் செவ்வாய்க்குப் போய்ச் சேர்கிறது. வாலில் அணுகுண்டு. செவ்வாய்த் துறைமுக அதிகாரி என்ன செய்வார்? "வாங்க வாங்க, ஐஸ் எங்கே இறக்கட்டும்?" என்பாரா? கப்பலை நூறு மைலுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவார். ஐஸ் உருகி ஓடும் :-) இந்த ஒரு காட்சியை எழுதாமல் பீரங்கியை மட்டும் எழுதுவது ஏமாற்று வேலை.

நண்பனின் அடுத்த வாதம் சரித்திரம். "அந்தக் காலத்துல வியாபாரக் கப்பல் எல்லாத்துலயும் பீரங்கி இருந்துச்சுடா. 1804ல கிழக்கிந்தியக் கம்பெனி சரக்குக் கப்பல்கள் போர்க்கப்பல் மாதிரி வேஷம் போட்டு பிரெஞ்சுக் கடற்படையையே விரட்டலையா?" விரட்டின. மலாக்கா நீரிணைப் பக்கம் நடந்த சம்பவம், கேட்க ஜோராக இருக்கும்.

ஆனால் இதைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்கிறாயே, அதுதான் எனக்கு ஆச்சரியம். பீரங்கி வைத்த வியாபாரக் கப்பல் கரைக்கு வந்தால் என்ன ஆகும் என்று நமக்கா தெரியாது? மிளகு வாங்க வந்தவன் பீரங்கியோடு வந்தான். 1502ல் வாஸ்கோ ட காமா மெக்காவில் இருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலை ஆட்களோடு எரித்தான். துணி வாங்க வந்தவன் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டினான். மிச்சக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். வியாபாரியின் கையில் பீரங்கி கொடுத்தால் விலை பேசுவது நின்றுவிடும். சரித்திரம் சொல்வது இதுதான்.

இன்னொரு பக்கமும் பார். 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. அந்தக் கம்பெனியை வெள்ளைக்காரன் பீரங்கியாலா வீழ்த்தினான்? டிக்கெட் விலையைக் குறைத்தான், 1908ல் வ.உ.சி.யை ஜெயிலில் போட்டான். 'காலியா'வில் ஐம்பது பீரங்கி இருந்தாலும் இந்த இரண்டையும் அது தடுத்திருக்காது. சரக்குக் கப்பலின் உண்மையான எதிரி பெரும்பாலும் கொள்ளைக்காரனாக இருப்பதில்லை. போட்டிக் கம்பெனி, வட்டிக்காரன், சட்டம். அதை எழுது, கதை எங்கேயோ போய்விடும்.

இனி இயற்பியல். இங்கேதான் பீரங்கிக் கட்சியே மொத்தமாகக் கவிழ்கிறது.

வேகமாகப் போகிற எந்தப் பொருளுக்கும் இயக்க ஆற்றல் உண்டு. பதினோராம் வகுப்புச் சூத்திரம், நிறையில் பாதி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒரு கிலோ கல்லுக்குள் ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல் இருக்கிறது. நொடிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நூறு மடங்கு. அது ஒன்றும் பெரிய வேகமில்லை, பூமியே சூரியனைச் சுற்றும் வேகம்தான். அந்த வேகத்தில் ஆயிரம் டன் ஐஸ் கப்பல் ஒன்று எதன் மீதாவது மோதினால் சுமார் 100 கிலோடன். ஹிரோஷிமாவில் போட்டது சுமார் 15 கிலோடன். ஆக, கப்பலில் ஒரு குண்டூசிகூட ஆயுதமாக இல்லாவிட்டாலும் அந்தக் கப்பலே ஏழு ஹிரோஷிமா!

கற்பனை இல்லை. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் 'டார்ட்' விண்கலம் டிமார்ஃபஸ் என்ற குறுங்கோளில் மோதியது. அதில் வெடிகுண்டு கிடையாது. ஆறு நூறு கிலோவுக்கும் குறைவான பெட்டி, நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகம், அவ்வளவுதான். சுமார் 160 மீட்டர் அகலமுள்ள அந்தப் பாறை தன் பெரிய பாறையைச் சுற்றும் நேரம் 33 நிமிஷம் குறைந்தது. 'டிக் டிக் டிக்' படத்தில் விண்கல்லை உடைக்க வேறொரு நாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய் ஏவுகணை திருடுவார்கள். அவ்வளவு தூரம் போன விண்கலமே ஒரு ஏவுகணைதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இது தெரிந்தவர்கள் ராக்கெட் விடுகிறவர்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பும் ராக்கெட்டிலும் வெடிமருந்து வைக்கிறார்கள். எதிரியைச் சுட இல்லை, ராக்கெட்டையே உடைக்க! 2010 டிசம்பர் 25 அன்று ஜிஎஸ்எல்வி ராக்கெட் கிளம்பி ஒரு நிமிஷத்தில் கட்டுப்பாட்டை இழந்தது. தரையில் இருந்த பாதுகாப்பு அதிகாரி பொத்தானை அழுத்தினார். வங்காள விரிகுடாவுக்கு மேலேயே அது உடைந்து விழுந்தது. எத்தனையோ பேருடைய பல வருஷ உழைப்பு. ஆனாலும் அழுத்தினார்கள். ஏனென்றால் தறிகெட்ட ராக்கெட் யார் தலையிலும் விழலாம்.

சாதாரண விண்கப்பலில் எவ்வளவு ஆயுதம் இருக்கலாம் என்று கேட்பதே தலைகீழ்க் கேள்வி. கப்பல்தான் ஆயுதம். கேட்கவேண்டியது, அதன் சாவி யார் கையில், அது ஊரை நோக்கித் திரும்பினால் நிறுத்துவது யார் என்பதைத்தான். தனியார் ராக்கெட் என்பது இப்போது புனைகதை இல்லை. சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல் 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஒரு சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டுவிட்டது. என் நண்பனின் இருநூறு வருஷம் எல்லாம் வேண்டாம். நாமே கிழவனாவதற்குள் இந்தக் கேள்வி வாசலுக்கு வந்துவிடும்.

இன்னொன்று. தரையில் சுட்ட தோட்டா கீழே விழும். சுற்றுப்பாதையில் சிதறினால் சுற்றிக்கொண்டே இருக்கும். 2007 ஜனவரியில் சீனா தன்னுடைய பழைய வானிலை செயற்கைக்கோள் ஒன்றைச் சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்துக் காட்டியது. கண்காணிக்கிற அளவு பெரிய துண்டுகளே மூவாயிரத்துக்கு மேல். அதில் ஏராளமானவை இன்னும் சுற்றுகின்றன. 2019 மார்ச்சில் நாமும் 'மிஷன் சக்தி' என்று ஒன்றை உடைத்தோம். சிதறல் சீக்கிரம் விழட்டும் என்று 300 கிலோமீட்டருக்கும் கீழே உடைத்தோம், அப்படியும் சில துண்டுகள் மேலே போயின. அரசாங்கங்கள் இத்தனை கணக்குப் போட்டு உடைத்தே இந்த லட்சணம். லாரி டிரைவர்கள் ஆளுக்குப் பன்னிரண்டு பீரங்கி வைத்துச் சண்டை போட்டால் ரோடே போச்சு. கொள்ளைக்காரனுக்கும் போச்சு, நமக்கும் போச்சு.

எதிர்க்கட்சியின் வலுவான வாதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயுதக் காவலர் ஏறிய எந்தக் கப்பலையும் சோமாலியக் கொள்ளையர் கடத்திக்கொண்டு போக முடியவில்லை என்பது காவல் நிறுவனங்கள் பெருமையாகச் சொல்கிற கணக்கு. நடுவானத்தில் போலீஸ் வர மாசக்கணக்காகும், அதுவரை மாலுமி சும்மா சாகவேண்டுமா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த வருஷங்களில் காவலர் மட்டும் வரவில்லை. பல நாட்டுக் கடற்படைகள் ரோந்து வந்தன. கப்பலைச் சுற்றி முள்கம்பி சுற்றினார்கள், தண்ணீர் பீய்ச்சினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள். உள்ளே ஒரு பலமான அறையில் எல்லோரும் புகுந்து பூட்டிக்கொண்டு எஞ்சினை நிறுத்தி உதவி கேட்டார்கள். எது எவ்வளவு காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். 2023 டிசம்பரில் 'ரூயன்' என்ற சரக்குக் கப்பல் கடத்தப்பட்டது. 2024 மார்ச்சில் அதை மீட்டது நம் கடற்படை. 17 மாலுமிகளும் உயிரோடு வந்தார்கள், 35 கொள்ளையர் சரணடைந்தார்கள். போர் செய்யப் பயிற்சி எடுத்தவர்கள், போர்க்கப்பலில் போய், ஒரு அரசின் பெயரில், பதில் சொல்லும் பொறுப்போடு செய்த வேலை அது. அரசுக் கப்பல் வேறு, சரக்குக் கப்பல் வேறு என்று தெரியும்படி இருந்தது. 'என்ரிகா லெக்ஸி'யில் அந்தக் கோடுதான் அழிந்தது.

அப்புறம், விண்வெளியில் பதுங்கியிருந்து பாய முடியாது. உன் கப்பலைப் பிடிக்க வேண்டுமானால் உன் வேகத்துக்கு அவனும் வரவேண்டும், அதற்கு எஞ்சினை எரியவிட வேண்டும். குளிர்ந்த இருட்டில் அந்த நெருப்பு வெகுதூரத்தில் இருந்தே தெரியும். வருகிறவன் யார் என்று தெரியாது, ஆனால் ஒருவன் வருகிறான் என்று நாள்கணக்கில் முன்னாலேயே தெரியும். கூப்பிட்டுக் கேட்க, உதவி கோர, பாதையை மாற்ற, கதவைப் பூட்ட நேரம் உண்டு. சரக்குக் கப்பலுக்கு முதலில் வேண்டியது அந்த நேரத்தைத் தரும் கண்.

நல்ல கதைக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1979ல் வந்த 'ஏலியன்' படத்தின் கப்பல் தாது இழுக்கும் வண்டி. பீரங்கி பூட்டியிருந்தால் பத்து நிமிஷத்தில் படம் முடிந்திருக்கும். 2002ல் வந்த 'ஃபயர்ஃபிளை' தொடரின் கப்பலிலும் பீரங்கி கிடையாது, அதனால்தான் அதன் ஆட்கள் ஒவ்வொரு முறையும் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. நம்ம சுஜாதாவின் ஜீனோவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இயந்திர நாய்க்குப் பல் எவ்வளவு கூர் என்று யாராவது கேட்டோமா? அது யோசித்தது, அதனால் ஜெயித்தது.

எங்கள் மலைக்கே திரும்பி வருகிறேன். ஆலங்காயத்தில் இருந்து மேலே ஏறினால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான். என் நண்பன் ஐஸ் வெட்டுகிற அதே கானிமீடு 1972ல் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனபோது, அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி அதைக் கவனித்தது. அந்த நிலாவுக்குக் காற்று மண்டலம் இருக்கலாம் என்பதற்கு அதில் ஒரு அடையாளம் கிடைத்தது. 1988ல் அதே மலையில் வானியலாளர் ராஜமோகன் நட்சத்திரங்களுக்கு நடுவில் நகர்ந்த ஒரு புள்ளியைப் பிடித்தார். அது ஒரு குறுங்கோள். 4130 என்று எண்ணும் ராமானுஜன் என்று பெயரும் வைத்தார்கள். தெரியாத ஒரு புள்ளி வானத்தில் நகர்ந்தது. மலைமேல் இருந்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, பாதையைக் கணக்குப் போட்டு, யார் என்று தெரிந்துகொண்டார்கள். நம் கணக்கு மேதையின் பெயர் கிடைத்தது அந்தப் புள்ளிக்கு.

2012ல் கடலில் ஒரு புள்ளி தெரிந்தது. அதைப் பார்த்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. அந்தப் புள்ளிக்கும் பெயர் இருந்தது, 'செயின்ட் ஆன்டனி'. யாரும் கேட்கவில்லை.

ஆகவே மச்சி, உன் ஐஸ் கப்பலில் இருந்து பன்னிரண்டு பீரங்கியையும் கழற்று. அணுகுண்டைத் தயவுசெய்து இறக்கு. அந்த இடத்தில் ஒரு நல்ல தொலைநோக்கியும், பல பாஷை பேசுகிற ரேடியோவும், பலமான கதவும் வை. எதிரே வருகிறவன் யார் என்று தெரியாமல் உன் கேப்டன் ஒரு ராத்திரி முழுக்கத் தவிக்கட்டும். விடியும்போது அது ரேடியோ பழுதான இன்னொரு லாரி என்று தெரியட்டும். அதைப் படிக்க நான் முதல் ஆளாக வருகிறேன்.

தாத்தா இருந்திருந்தால் அவரும் கேட்டிருப்பார். பரண் மேல் உட்கார்ந்து, தகர டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.